பெற்ற அப்பா, வளர்க்கும் அப்பா: மறுமணத்துக்குப் பிறகு குழந்தைக்கு எந்த வழி சரி?

குழந்தையோடு மறுமணம் செய்துகொண்ட பெண்கள் வக்கீலைப் பார்க்க வரும்போது முதலில் கேட்பது பெரும்பாலும் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டைப் பற்றித்தான். "அதுல அப்பா பேரை மாத்தணும் சார், என்ன செலவாகும்?" என்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் உள்ளே வேறு பயங்கள் இருப்பது தெரியும். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை யாரிடம் போகும்? பழைய கணவர் திடீரென்று வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டுமா? இப்போதைய கணவரின் வீட்டில் இவனுக்குப் பங்கு உண்டா?

இந்த மூன்றும் சட்டத்தில் வெவ்வேறு விஷயங்கள். பெயர் நாலாவது. ஒன்றுக்குக் கிடைக்கும் தீர்வு இன்னொன்றுக்கு உதவாது, சில சமயம் அதைக் கெடுத்தும் விடும். அதனால்தான் "தத்து எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது" என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை. தத்து என்பது இருக்கிற வழிகளிலேயே பலமானது, சரி. ஆனால் பெற்ற அப்பா உயிரோடு இருந்து, மாதாமாதம் பணம் அனுப்பி, குழந்தையை வந்து பார்த்துக்கொண்டும் இருக்கும் வீட்டில் அதை முதல் வழியாக எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்க்கலாம். கீழே சொல்வது பெரும்பாலும் இந்து சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு. மற்றவர்களுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

பெயரை முதலில் முடித்துவிடுவோம். ஆந்திராவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு. குழந்தைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, 2006-இல், அப்பா இறந்துவிட்டார். அடுத்த வருடம் அம்மா விமானப்படை அதிகாரி ஒருவரை மணந்தார். இறந்தவரின் பெற்றோர் பேரனுக்குத் தங்களைக் காப்பாளராக்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். அது கிடைக்கவில்லை, பேரனைப் பார்க்க அனுமதி மட்டும் கிடைத்தது. ஆனால் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தது: பையனின் குடும்பப் பெயரைப் பழையபடி மாற்ற வேண்டும், ஆவணங்களில் பெற்ற அப்பா பெயரைக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் அம்மாவின் இப்போதைய கணவரை மாற்றாந்தந்தை என்று குறிப்பிட வேண்டும். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. அப்பா இறந்தபின் அம்மாதான் இயற்கைக் காப்பாளர் (தனி உத்தரவு இல்லாமலே சட்டம் ஏற்கும் காப்பாளர்), குடும்பப் பெயரை அவர் முடிவு செய்யலாம் என்றது. ஒவ்வொரு காகிதத்திலும் 'மாற்றாந்தந்தை' என்று எழுதச் சொல்வது கிட்டத்தட்ட கொடுமை, அது பிள்ளையின் மனதை என்ன பாடுபடுத்தும் என்று யோசிக்காத உத்தரவு என்றும் சொன்னது.

நம்மூரில் குடும்பப் பெயர் இல்லை, இன்ஷியல்தான். சண்டை ஒரே ஓர் எழுத்துக்காக. ஆனால் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் இன்ஷியலை மாற்றிவிட முடியாது. அதில் அப்பா இறந்திருந்தார். அவர் உயிரோடு இருந்து ஆட்சேபித்தால் கதையே வேறு. அப்படியான வீடுகளில் அம்மாவின் பெயரிலிருந்து இன்ஷியல் வைத்துக்கொள்வதை நான் சொல்லிப் பார்ப்பதுண்டு. இரண்டு ஆண்களுமே அதற்கு அதிகம் முறைப்பதில்லை.

சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு அப்பா

1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இயற்கைக் காப்பாளர் யார் என்று சொல்கிறது. மணவாழ்க்கையில் பிறந்த குழந்தைக்கு அப்பா, அவருக்குப் பின் அம்மா. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம். மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு முதலில் அம்மா, அப்புறம்தான் அப்பா. அந்தப் பிரிவின் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது: அப்பா என்றால் மாற்றாந்தந்தை அதில் சேர மாட்டார், அம்மா என்றால் மாற்றாந்தாய் சேர மாட்டார். பத்து வருடம் தோளில் தூக்கி வளர்த்தாலும் சரி, காய்ச்சலுக்கு விடிய விடிய விழித்திருந்தாலும் சரி, வேறு உத்தரவோ பத்திரமோ இல்லாதவரை இந்தச் சட்டத்தின்படி அவர் வெளியாள்.

வேடிக்கை என்னவென்றால், இதே நாட்டில் 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 'பெற்றோர்' என்பதில் மாற்றாந்தந்தையையும் மாற்றாந்தாயையும் சேர்த்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் 'குழந்தை' என்றால் மாற்றாந்தந்தைக்கு வந்து சேர்ந்த குழந்தையும் அடக்கம் என்று எழுதியது. வயதான காலத்தில் சோறு கேட்கவும் வரிக் கணக்குப் போடவும் அவர் அப்பா. பள்ளியில் கையெழுத்துப் போட மட்டும் இல்லை.

'அப்பா, அவருக்குப் பின் அம்மா' என்ற வரியும் இப்போது அப்படியே வாசிக்கப்படுவதில்லை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். அம்மா கையெழுத்து போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 'அவருக்குப் பின்' என்பதற்கு அப்பா இறந்தபின் என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை, அப்பா பொறுப்பில் இல்லாத நிலையிலும் அம்மாவே காப்பாளர்தான் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. மறுமணம் செய்துகொண்ட அம்மாக்களுக்கு இது பெரிய பலம். பெற்ற அப்பா எட்டிப்பார்க்காத வீடுகளில் அன்றாடக் கையெழுத்துகளுக்கு அம்மாவே போதும்.

முதல் வழி: எதையும் மாற்றாமல் விடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். பல குடும்பங்களுக்கு இதுதான் சரியான வழி, சில காகிதங்களைச் சேர்த்துக்கொண்டால்.

முதலில் பணம். பெற்ற அப்பாவின் ஜீவனாம்சப் பொறுப்பு மனைவி மறுமணம் செய்ததால் போய்விடாது. மறுமணத்தால் மனைவிக்கான தொகை நிற்கலாம், குழந்தைக்கானது நிற்காது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவாக இருந்து இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆக இருக்கும் விதியில் பெற்ற அப்பாவின் கடமை, பிள்ளை மணவாழ்க்கையில் பிறந்ததா இல்லையா என்பதைக்கூடப் பார்க்காது. பரஸ்பர விவாகரத்தில் "குழந்தைக்கு எதுவும் கேட்க மாட்டேன்" என்று அம்மா எழுதிக் கொடுத்திருந்தாலும் அது குழந்தையின் உரிமையை முடக்காது.

சொத்திலும் இதே கதை. பெற்ற அப்பாவுக்குப் பிள்ளை முதல் வகுப்பு வாரிசாகவே, அதாவது உயில் இல்லாவிட்டால் முதலில் பங்கு பெறுபவராகவே, தொடர்கிறது. விவாகரத்து கணவன் மனைவியைத்தான் பிரிக்கிறது. இன்னொரு பக்கம், வளர்ப்பு அப்பா உயில் எழுதாமல் இறந்தால் இந்தப் பிள்ளைக்கு வாரிசு என்ற முறையில் ஒன்றும் கிடைக்காது. அவருக்கு இருக்கும் சொந்தப் பிள்ளைகளும் மனைவியும் அம்மாவும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எனவே இந்த வழியில் போகிறவர்கள் உயிலைத் தள்ளிப்போடக் கூடாது. பி.எஃப்., இன்ஷூரன்ஸ், பேங்க் கணக்கு ஒவ்வொன்றிலும் நாமினி யார் என்று பார்த்துவிடுங்கள். முதல் மனைவி பெயரே இன்னும் நாமினியாக இருப்பது நாம் நினைப்பதைவிடச் சாதாரணம்.

பாஸ்போர்ட் பற்றிக் கேட்பார்கள். 2016 டிசம்பரில் விதிகள் தளர்ந்தபின் விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, சட்டக் காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். விவாகரத்துத் தீர்ப்பின் நகலில் குழந்தை யாரிடம் என்ற பத்தி தெளிவாக இருந்தால் அலைச்சல் குறையும்.

இந்த வழியில் ஒரே ஒரு பெரிய ஓட்டை: அம்மா இறந்தால் என்ன ஆகும் என்பது. "எனக்குப் பின் என் கணவரே காப்பாளர்" என்று அம்மா உயிலில் எழுதலாமா? 1956 சட்டத்தின் 9-ஆவது பிரிவு விதவைத் தாய்க்கும், அப்பா காப்பாளராகும் தகுதி இழந்ததால் அந்தப் பொறுப்பில் இருக்கும் தாய்க்கும் அந்த உரிமையைக் கொடுக்கிறது. பெற்ற அப்பா உயிரோடும் தகுதியோடும் இருந்தால் அந்த வரி அவரைக் கட்டாது. ஆனாலும் எழுதி வையுங்கள் என்பேன். பின்னால் நீதிபதி குழந்தையின் நலனைப் பார்க்கும்போது, பிள்ளையை இத்தனை நாள் வளர்த்தவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது வழி: நீதிமன்றத்தில் காப்பாளர் உத்தரவு

1890-ஆம் ஆண்டு காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுவோர் சட்டம். எல்லா மதத்தவருக்கும் பொது. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் 19-ஆவது பிரிவு. அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை வேறொருவரைக் குழந்தையின் காப்பாளராக நியமிக்க அது இடம் கொடுப்பதில்லை. 'அம்மாவோ' என்ற சொல்லே 2010 திருத்தத்தில்தான் வந்தது. ஆக, அம்மா நன்றாக இருக்கும்போது வளர்ப்பு அப்பா தன் பெயரில் காப்பாளர் மனு போடுவது பெரும்பாலும் வீண். அம்மா பெயரில் உத்தரவு வாங்குவதுதான் நடக்கும் காரியம். பெற்ற அப்பா காணாமல் போன வீடுகளில் இதுதான் கைகொடுக்கும்: நோட்டீஸ் அனுப்பி, வராவிட்டால் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, அம்மா ஒருவரே காப்பாளர் என்று உத்தரவு பெற்றுவிட்டால் பாஸ்போர்ட் அலுவலகம் முதல் விசா வரை யாரும் "அப்பா கையெழுத்து எங்கே?" என்று கேட்க முடியாது. மணமாகாத தாய் என்றால் இன்னும் எளிது. அப்பா யார் என்று வெளியிடாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் தாயைக் காப்பாளராக்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அம்மா இறந்து, பெற்ற அப்பா பிள்ளையைக் கேட்டு வந்தால்? 19-ஆவது பிரிவு அவர் பக்கம் சாய்வதுபோலத் தெரியும். ஆனால் காப்பாளர் பதவி வேறு, பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்பது வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு வழக்கில் பிரித்துச் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே 2008-இல், மனைவியின் மரணத்தில் குற்றம் சாட்டப்பட்ட அப்பா கேட்டபோது, தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பையனின் விருப்பத்தைக் கேட்காமல் முடிவு செய்தது தவறு என்று சொல்லி, அவர்களிடமே விட்டது. நேர்மாறாக 2019-இல், மனைவி நோயில் இறந்தபின் அவளுடைய அக்கா தங்கைகளிடம் இருந்த குழந்தை அப்பாவிடமே திரும்பியது. பெற்றவர் எப்போதும் ஜெயிப்பார் என்றோ வளர்த்தவர் எப்போதும் ஜெயிப்பார் என்றோ விதி கிடையாது. எல்லாம் அந்தந்தப் பிள்ளையின் நிலைமைதான்.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு 2025-இல் வந்தது. கேரளத் தம்பதி, பையன் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே பிரிந்தார்கள். அம்மா மறுமணம் செய்துகொண்டார். 2019-இல் புதிய குடும்பத்தோடு மலேசியா போகத் திட்டமிட்டு, பையனின் காகிதங்களுக்காகப் பெற்ற அப்பாவின் கையெழுத்து கேட்டார். அதுவரை அமைதியாக இருந்தவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் பையனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாதாரணமாக அதோடு கதை முடிந்திருக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுசீராய்வில் மாற்றுவது எவ்வளவு அபூர்வம் என்று வக்கீல்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் அந்த உத்தரவுக்குப் பிறகு பையனின் மனநிலை மோசமானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் உளவியல் அறிக்கைகள் அவனுக்கு இருந்த பதற்றத்தையும், அம்மாவைப் பிரிந்துவிடுவோம் என்ற பயத்தையும் பதிவு செய்தன. தம்பியையும் வளர்ப்பு அப்பாவையும் அவன் தன் குடும்பமாகவே நினைக்கிறான் என்பதும் வெளியே வந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருப்பி, பையனை அம்மாவிடம் விட்டது. பெற்ற அப்பாவுக்குப் பார்க்கவும் பழகவும் உரிமை தொடர்ந்தது.

இந்த வழக்கில் நான் கவனிப்பது வளர்ப்பு அப்பாவின் நிலைமையை. அவரிடம் தத்துப் பத்திரமும் இல்லை, காப்பாளர் உத்தரவும் இல்லை. சட்டத்தில் அவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்தப் பையனின் வாயிலிருந்து அவர் பெயர் வந்தது, அது தீர்ப்பில் எடை பெற்றது. பெற்ற அப்பாவும் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. பழகாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

குழந்தையைக் கேட்பது எப்படி நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. கூண்டில் ஏற்ற மாட்டார்கள். நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு, இரண்டு பக்கத்தாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பேசுவார். என்ன கிளாஸ், ராத்திரி என்ன சாப்பிட்டே, டியூஷனுக்கு யார் கொண்டுபோய் விடுறாங்க, பயமா இருந்தா யாரைக் கூப்பிடுவே என்பதுபோல. சொல்லிக்கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வார்கள். ஏழு வயதுப் பிள்ளை "அவரால எனக்கு மன உளைச்சல்" என்று சொன்னால், அந்தச் சொல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நீதிபதிக்குத் தெரியாதா?

மூன்றாவது வழி: தத்துப் பத்திரம்

1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி கொடுப்பவரும் எடுப்பவரும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், தத்து முறையாக நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். தத்த ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் கொடுத்து வாங்குவது உண்மையில் நடந்திருக்க வேண்டும். பார்க்க எளிதாகத் தெரியும். நிபந்தனைகள்தான் கழுத்தைப் பிடிக்கும்.

பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. வளர்ப்பு அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மகன் உயிரோடு இருந்தால் இந்தச் சட்டத்தில் இன்னொரு பையனைத் தத்தெடுக்க முடியாது; மகள் இருந்தால் பெண் குழந்தையை எடுக்க முடியாது. பெண் குழந்தை என்றால் அவர் அவளைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும். முதல் தாரத்துப் பிள்ளையோடு வரும் ஆணும் முதல் தாரத்துப் பிள்ளையோடு வரும் பெண்ணும் சேரும் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இங்கேயே கதவு மூடிவிடும்.

அடுத்தது சம்மதம். அப்பா, அம்மா இருவரில் யாரும் கொடுக்கலாம், ஆனால் மற்றவர் சம்மதம் வேண்டும். அவர் துறவியாகிவிட்டால், இந்துவாக இல்லாமல் போனால், மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டும் விலக்கு. "அஞ்சு வருஷமா ஒரு போன்கூட இல்லை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பெற்ற அப்பா இறந்திருந்தால் அம்மா ஒருவரே கொடுக்கலாம்; தாத்தா பாட்டிக்கு இதைத் தடுக்கும் உரிமை கிடையாது. முதலில் சொன்ன ஆந்திர வழக்கில் மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே, 2019-இல், வளர்ப்பு அப்பா பத்திரம் பதிவு செய்து பையனைத் தத்தெடுத்துவிட்டார்.

இனி விளைவு. தத்தெடுத்த நாளிலிருந்து பிள்ளை எல்லா வகையிலும் புதிய அப்பாவின் பிள்ளை. அவர் சொத்தில் வாரிசு. பழைய குடும்பத்தோடு சட்ட உறவு அறுந்துவிடும். திருமணத்துக்கு ஆகாத உறவுமுறை மட்டும் பழையபடி நிற்கும். பிள்ளை கைக்கு ஏற்கெனவே வந்துவிட்ட சொத்து அதனிடமே இருக்கும், ஆனால் பெற்ற அப்பா நாளை இறந்தால் வாரிசு என்று போய் நிற்க முடியாது. ஜீவனாம்சமும் முடிந்தது. இதில் திரும்பி வரும் வழி கிடையாது. முறையாக நடந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது என்று 15-ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டாவது திருமணமும் முறிந்துபோனால்? அந்தப் பிள்ளைக்கு அவர்தான் அப்பா, அவர் வேண்டாம் என்றாலும்.

பெற்ற அப்பாக்களில் சிலர் இந்தப் பத்திரத்தில் சந்தோஷமாகவே கையெழுத்துப் போடுவார்கள், ஜீவனாம்சம் மிச்சம் என்று. அந்த உற்சாகத்தைப் பார்த்தால் அம்மாக்கள் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ அவருக்கு வரப்போகிற நிலத்தில் பிள்ளையின் பங்கை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்கிறோமா என்று.

நாலாவது வழி: காரா வழியாகத் தத்து

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் கீழ் மாற்றாந்தந்தை தத்தெடுப்பு என்றே தனியாக ஒரு வகை இருக்கிறது. மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் 2022 விதிமுறைகள் இதற்கான நடைமுறையைச் சொல்கின்றன. அம்மாவும் வளர்ப்பு அப்பாவும் சேர்ந்து இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், பெற்ற அப்பாவின் சம்மதப் படிவம் வேண்டும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பார்த்தபின் கலெக்டர் உத்தரவு போடுவார். முன்பு இது நீதிமன்றத்தின் வேலை. 2022 செப்டம்பரில் கலெக்டர் கைக்கு மாறியது.

பத்திரத்தோடு ஒப்பிட்டால் இதன் வசதிகள் தெளிவு. எந்த மதத்தவரும் வரலாம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தனிச் சட்டத்தில் தத்து இல்லாததால் இதுதான் ஒரே வழி. மதம் தடையில்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 15 வயது தாண்டிய, 18 ஆகாத பிள்ளைக்கும் பொருந்தும். ஏற்கெனவே மகன் இருப்பது தடையில்லை. வெளியாள் தத்தெடுப்பில் கேட்கும் வயது வரம்பும், இரண்டு வருட மணவாழ்க்கை நிபந்தனையும் இங்கே தளர்த்தப்பட்டிருக்கின்றன. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள். பின்னால் பிறப்புச் சான்றிதழ் திருத்தவும் விசாவுக்கும் கலெக்டரின் உத்தரவைக் காட்டுவது தத்துப் பத்திரத்தைக் காட்டுவதைவிடச் சுலபம். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இது செல்லுமா?" என்று கேட்கும் குமாஸ்தா, கலெக்டர் முத்திரையைப் பார்த்தால் வாயைத் திறப்பதில்லை.

தடை ஒன்றுதான், ஆனால் பெரியது: குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடந்துகொண்டிருந்தால், அது முடியும்வரை இந்தத் தத்தெடுப்பைத் தொடங்கவே முடியாது.

பெற்ற அப்பாக்களுக்கு

விவாகரத்தான ஆண்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் தேர்வு இருக்கிறது. தத்துக்குச் சம்மதிக்க யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சம்மதம் மறுப்பதால் மட்டும் பிள்ளை உங்களிடம் வந்துவிடாது. நீதிமன்றம் குழந்தை பற்றிப் போடும் எந்த உத்தரவும் நிலைமை மாறினால் மாறக்கூடியது. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் குழந்தைகள் உடைமைகளும் அல்ல, பெற்றோரின் விளையாட்டுப் பொருள்களும் அல்ல என்று எழுதியது. எனவே பார்க்கும் நாட்களைத் தவறவிடாமல் இருப்பதுதான் உங்கள் வலுவான ஆவணம். சனிக்கிழமை தவறாமல் வந்த அப்பா ஐந்து வருடம் கழித்து வழக்குப் போட்டால் நீதிபதி காது கொடுப்பார். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் வீடியோ கால் நேரத்தை உத்தரவிலேயே எழுதி வாங்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் அதைப் பெற்றோரின் தொடர்பு உரிமையாகவே பேசியது.

டி.என்.ஏ. என்ற குறுக்கு வழி

இன்னொரு வகை சண்டை இருக்கிறது. கணவன் வளர்த்த குழந்தை தன்னுடையது இல்லை என்று சந்தேகப்படுவது, அல்லது வெளியிலிருந்து ஒருவர் "அது என் குழந்தை" என்று வருவது. இங்கே சட்டம் ரத்தத்தைவிடத் திருமணத்தைப் பார்க்கிறது. மணவாழ்க்கையின்போதோ, அது முடிந்து அம்மா மறுமணம் செய்யாத 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை கணவனுடையதே. அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டுமே மாறும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 112-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 116.

2014-இல் ஒரு வழக்கில், நீதிமன்றம் மூலமே எடுத்த டி.என்.ஏ. முடிவு கையில் இருந்ததால் உச்ச நீதிமன்றம் 'குழந்தை கணவனுடையதே' என்ற இந்த அனுமானத்தைத் தாண்டி அறிவியலை ஏற்றது. அதை நம்பி டி.என்.ஏ. கேட்டு வருபவர்கள் அதற்குப் பிறகு வந்தவற்றையும் படிக்க வேண்டும். 2023-இல், கணவன் மனைவி சண்டையில் நடத்தையை நிரூபிக்கக் குழந்தையின் ரத்தத்தை எடுக்கச் சொல்ல முடியாது, அது குழந்தையின் அந்தரங்க உரிமை என்றது. 2025 ஜனவரியில், கொச்சியைச் சேர்ந்த ஒரு வழக்கில், 2001-இல் மணவாழ்க்கைக்குள் பிறந்து வளர்ந்து ஆளான மகனே வேறொருவரைத் தன் அப்பா என்று சொல்லிச் சோதனை கேட்டும் கிடைக்கவில்லை. இரண்டு தசாப்தங்களுக்கு மேல் இழுத்த வழக்கு அது.

ஆகவே சந்தேகப்படும் கணவருக்கு இரண்டே வழி. உண்மையிலேயே சேர்ந்து வாழாத காலத்துக்கு ஆதாரம் இருந்தால், வெளிநாட்டு வேலை, சிறை, பாஸ்போர்ட் முத்திரை என்று, அதை வைத்துப் போராடலாம். இல்லையென்றால் விவாகரத்துக்கு வேறு காரணத்தைப் பார்த்துக்கொண்டு குழந்தையை விட்டுவிடுவது. லேபில் தனியாகக் கொடுத்து வாங்கும் சோதனைக் காகிதம் நீதிமன்றத்தில் செல்லும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

எனக்குப் பொறாமையாக இருக்கும் சட்டம்

இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தில் பெற்றோர் பொறுப்பு என்று ஒன்று உண்டு. அம்மாவை மணந்த வளர்ப்பு அப்பா, அந்தப் பொறுப்பு உள்ள பெற்றோரின் ஒப்புதலோடு ஒப்பந்தம் போட்டோ நீதிமன்ற உத்தரவாலோ அதைப் பெறலாம். பெற்ற அப்பாவின் பொறுப்பு அப்படியே இருக்கும். பள்ளி, மருத்துவமனை, பயணம் என்று மூன்று பேரும் சட்டப்படி பேசலாம். சொத்தில் வாரிசு உரிமை வராது, அதற்கு உயில்தான். லண்டனில் இருக்கும் நம்மவர்களில் மறுமணம் செய்தவர்கள் தத்துக்குப் போகும் முன் இதைப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்வது பற்றி எழுதியது. வளர்ப்பு அப்பாவுக்கு இதுபோல் ஒரு நடுவழி நம் சட்டத்தில் இன்னும் இல்லை.

என்னைக் கேட்டால்

பெற்ற அப்பா இறந்துவிட்டாரா? தத்து எடுங்கள், தயங்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே அதே பாலினப் பிள்ளை இருந்தால் காரா வழி, இல்லையென்றால் பத்திரம் போதும். இறந்தவரின் சொத்தில் பிள்ளையின் பங்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதால் அதுவும் போகாது. வாரிசுச் சான்றிதழை மட்டும் தத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

காணாமல் போய்விட்டாரா? அம்மா பெயரில் காப்பாளர் உத்தரவு. ஏழு வருடமாக, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லை என்றால் சிவில் நீதிமன்றத்தில் இறந்ததாக அறிவிக்கக் கேட்டு, அது கிடைத்தபின் தத்தைப் பற்றி யோசிக்கலாம். பணம் அனுப்பி, வந்து பார்த்துப் போகிறாரா? எதையும் மாற்றாதீர்கள், உயில், நாமினி, அம்மாவின் காப்பாளர் விருப்பம் மூன்றையும் இந்த மாதமே எழுதுங்கள். சம்மதம் கொடுக்கத் தயாராக இருக்கிறார் ஆனால் சொத்து உள்ளவரா? பிள்ளை பெயருக்கு அவர் ஏதாவது செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தபின் கையெழுத்து வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறதா? தத்துப் பேச்சையே எடுக்காதீர்கள்; நீதிபதி முன் அது பெற்ற அப்பாவைத் துரத்தும் முயற்சியாகவே படும். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான், யார் ஃபீஸ் கட்டுகிறார், பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு யார் போகிறார் என்பதற்கான ரசீதுகளையும் குறிப்புகளையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு வாருங்கள். வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.